ஒரு வாய் முட்டை

ஆன்லைனில் நடக்கும் மதிய ஊட்டச்சத்து வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் சாப்பாட்டுத் தட்டைக் கேமராவில் காட்ட வேண்டுமென்பது ரெஜினா டீச்சர் வைத்த விதி. தேயிலைத் தோட்டத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய லயன் வீடுகளிலிருந்து நான்கு கர்ப்பிணிகள் தினமும் காட்டினார்கள். கீரை, பருப்பு, ஓர் அவித்த முட்டை. நான்கு தட்டுக்கும் விளிம்பு ஒரே இடத்தில் நசுங்கியிருந்ததை டீச்சர் நேற்றுத்தான் கவனித்தாள். வாய்விட்டுக் கேட்டால் நாளை ஒருத்தியும் வகுப்புக்கு வரமாட்டாள்.

“இன்னிக்குக் காட்டுனா மட்டும் போதாதும்மா. ஆளுக்கு ஒரு வாய் முட்டை சாப்பிடுங்க, பாக்குறேன்.”

முதல் மூன்று பேரும் முட்டையை எடுத்து, வெட்கப்பட்டவர்களாய் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மென்றார்கள். கடைசியாக, நிறைமாதக்காரி சந்தனமாரியின் கைக்குத் தட்டு வந்தது. முட்டை முழுசாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

“டீச்சர் பாக்குறாங்க, சாப்புடு புள்ள.”