பர்கண்டித் தொட்டி

முதல் அடி அவன் முழங்காலில் விழுந்தது.

அடித்தது முதலாளியம்மா. தொட்டியில் மிதந்து எழும் திராட்சைத் தோலை அமுக்கிவிடுகிற நீளக் கம்பு அவள் கையில் இருந்தது. அடி வாங்கியவன் கிடங்கு மேஸ்திரி. மாடு மாதிரி உடம்பு. அப்படியே மடங்கி உட்கார்ந்தான்.

நான் பிழிந்த திராட்சைச் சக்கை ஏற்ற வந்த லாரி டிரைவர். அந்த ஒயின் கிடங்குக்கு அதுதான் என் முதல் நடை. வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தியபோது சத்தம் கேட்டது. மேல்தளத்துக்கு ஏறி ஓடினேன்.

தளத்தில் வரிசையாக சிமென்ட் தொட்டிகளின் வாய்கள். எந்தத் திராட்சை எந்தச் சீமையில் பேர் வாங்கியதோ, அந்தச் சீமையின் பெயரைத் தொட்டிக்கு வைத்திருந்தார்கள். கபர்னேயும் மெர்லோவும் ஊறிய தொட்டி போர்தோ. சிரா ஊறியது ரோன். பினோ நுவார் ஊறியது பர்கண்டி. கொடிகள் எல்லாம் பின்பக்க மேட்டில் வளர்ந்தவைதான், பெயர் மட்டும் பெரிய இடத்துப் பெயர். வேறொரு நாளாக இருந்தால், பாஸ்போர்ட் இல்லாமலே பிரான்ஸைச் சுற்றிவிட்டேன் என்று வீட்டில் பீற்றியிருப்பேன்.

பர்கண்டியில் ஒயினை வடித்தாகிவிட்டது. அடியில் சக்கை மட்டும். அதன்மேல் ஒருத்தன் குப்புறக் கிடந்தான், சக்கையை வார மண்வெட்டியோடு இறங்கியவன். மேஸ்திரி போட்டிருந்த அதே கறை படிந்த நீல உடுப்பு. சின்ன வயசு.

ஏணி அப்படியே சாத்தியிருந்தது. இறங்கினால் தூக்கிவிடலாம்.

மேஸ்திரி தவழ்ந்து போய் ஏணியைப் பிடித்தான்.

"விடுங்கக்கா. மூச்ச அடக்கிக்கிட்டு ஒரே தூக்கா தூக்கிடறேன்."

இரண்டாவது அடி தோளில். எலும்பு விலகிய சத்தம் எனக்கே கேட்டது. அவன் அலறினான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பைத் தொட்டிக்குள் விட்டு, கீழே கிடந்தவனின் சட்டைக் காலரைக் கிளறினாள். நழுவியது. மறுபடியும் கிளறினாள். தெருவில் செத்துக் கிடக்கும் நாயை ஓரமாகத் தள்ளுகிற மாதிரி இருந்தது எனக்கு.

ரத்தம் கொதித்தது. இடுப்பில் சாவிக்கொத்து, காலில் சுத்தமான பூட்ஸ், முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இந்த ஆள் போனால் அடுத்த ஆள் என்கிற முகம். இப்படிப்பட்டவர்களிடம் பாதி ஆயுளைக் கழித்தவன் நான்.

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவளைப் பிடித்துத் தள்ளினேன். பக்கத்து ரோன் தொட்டியின் விளிம்பில் மோதி அவள் நெற்றி கிழிந்தது. நான் ஏணியில் கால் வைத்தேன்.

இரண்டு படி இறங்கியதும் மூக்கில் சுருக்கென்றது. சோடா குடித்து ஏப்பம் விட்டால் மூக்கில் ஏறுமே, அதைப் போல, அதைவிடப் பல மடங்கு. கண் இருட்டியது. அது என்ன என்று யோசிப்பதற்குள் என் தலைமுடி அவள் கையில் இருந்தது.

இழுத்தாள். முடி வேரோடு வந்தது, நானும் வந்தேன். தளத்தில் என்னை மல்லாக்கப் போட்டு, கம்பின் கட்டை முனையால் வாயிலேயே இடித்தாள். ஒரு பல் நாக்கின் மேல் விழுந்தது. எழப் பார்த்தேன், நெஞ்சில் மிதித்தாள். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கிருந்து வந்ததோ.

பிறகு ஏணியை உருவினாள்.

"அக்கா, வேண்டாங்க்கா" என்று மேஸ்திரி அழுதான்.

ஏணியைத் தூக்கித் தளத்துக்கு வெளியே முற்றத்தில் எறிந்தாள். அது தரையில் விழுந்து உடைந்தது. இனி யாராலும் இறங்க முடியாது. அந்த நிமிடம் அவளைக் கொன்றுபோட எனக்கு மனசு வந்தது. உடம்புதான் எழவில்லை.

அவள் தொட்டியின் வாயருகே மண்டியிட்டு மறுபடி கம்பை விட்டாள். நெற்றி ரத்தம் மூக்கின் மேல் வழிந்து தொட்டிக்குள் சொட்டியது. துடைக்கவில்லை. காலர், நழுவல். காலர், நழுவல். காற்றடிக்கும் குழாய் ஒன்று எப்போதோ உள்ளே போடப்பட்டு இரைந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு வந்தார்கள். அவள்தான் முன்னமே போன் செய்திருக்கிறாள்.

"பர்கண்டி பொங்கி அடங்கிடுச்சேன்னு, மெழுகுவத்திய இறக்கி அணையுதான்னு பாக்காம இறங்கிட்டான்" என்று மேஸ்திரி அவர்களிடம் திக்கித் திக்கிச் சொன்னான். "பக்கத்துல சிரா இன்னும் பொங்கிட்டிருக்கு. அதுலருந்து வர்ற மூச்ச அடைக்கிற வாயு வழிஞ்சு இதுல இறங்கி நின்னிருக்கு."

என் வாயில் துணியை வைத்து அழுத்திய தீயணைப்புக்காரர் தளத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒருத்தர்னு கூப்பிடுவாங்க. வந்து பாத்தா காப்பாத்த இறங்கினவங்களையும் சேத்து மூணு பேரத் தூக்குவோம்" என்றார். "இங்கதான் ஒருத்தரோட நின்னிருக்கு."

தொட்டியில் கிடந்தவனை மேலே கொண்டுவந்து கிடத்தினார்கள். நெஞ்சை அமுக்கினார்கள், வெகுநேரம் அமுக்கினார்கள். பிறகு ஒருவர் எழுந்து முகமூடியைக் கழற்றினார்.

அதுவரை சுவரோரமாக நின்றவள் கிட்டே வந்தாள். கம்பு இன்னும் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் போட்டு, காது மடலுக்குள் ஒட்டியிருந்த திராட்சைத் தோலைச் சுண்டுவிரலால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"வந்துட்டேன் கண்ணு" என்றாள். "அம்மா வந்துட்டேன்."