மூலைவிட்டம்

அஸ்திவாரத்துக்குப் பலகைச் சட்டம் அடித்தாகிவிட்டது. கான்கிரீட் லாரி வருவதற்குள் தச்சர் அதை மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துவந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். முதல் அளவு ஐம்பது அடி. டேப்பின் மறுமுனையை எப்போதும் அவர் மனைவிதான் பிடிப்பாள்.

“பிடிச்சிட்டியா?” என்றார் குனிந்தபடியே.

“பிடிச்சிருக்கேங்க.”

இதுவும் ஐம்பதுதான். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

“யார்கிட்டங்க பேசறீங்க?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து மனைவி கேட்டாள். கையில் ஆணிப் பொட்டலம். கடைக்குப் போய்விட்டு இப்போதுதான் வருகிறாள்.

தச்சர் நிமிர்ந்தார். எதிர் மூலையில் யாரும் இல்லை. டேப் மட்டும் தொய்யாமல் விறைப்பாக நின்றது.

“அளவு சரிதானேங்க?”

கேள்வி அந்த மூலையிலிருந்து வந்தது. குரல் அவளுடையது. டேப் தச்சரின் கை நழுவி விழுந்தது. மனைவி அவர் சட்டையை இறுகப் பற்றினாள். அந்த நேரம் லாரி வந்து நின்றது.

“அந்த மூலையில முதல்ல கொட்டச் சொல்லுங்க,” என்று மனைவி அவர் காதோரம் சொன்னாள்.

கொட்டினார்கள். கலவை பலகையின் விளிம்புவரை ஏறியது. போதும் என்று சொல்ல மனைவி வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை.