அரிசி டிரம்

வேலைநிறுத்தம் பற்றிப் பேசுமுன் ஜெசிந்தா போனையும் கடிகாரத்தையும் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். ஆலைக் குடியிருப்பில் எந்தக் கருவி நுழைந்தாலும் நிர்வாகத்தின் ‘காவலன்’ செயலி அதற்குள் தானாக ஏறிக்கொண்டு ஒட்டுக்கேட்கும்.

அப்படியும் இரண்டு ரகசியக் கூட்டங்களுக்கு நிர்வாகத்தின் ஆட்கள் முன்னதாகவே வந்து நின்றார்கள்.

“இடத்த முன்கூட்டியே உங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்” என்றாள் கணவர் சூசையிடம்.

“என்னையவா சந்தேகப்படுத?” அவர் குரல் உடைந்தது.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். போனைத் தோண்டியெடுத்து வீட்டின் கருவிப் பட்டியலைப் பார்த்தாள். கடிகாரம், மிக்ஸி, கடைசியாக: ‘சூசையின் பேஸ்மேக்கர். காவலன் இயங்குகிறது.’ போன மாதம் ஆலை ஆஸ்பத்திரியில் அவர் இதயத்துக்கு வைத்தது.

“என்ன போட்டிருக்கு?”

போனை மறுபடி அரிசிக்குள் புதைத்துவிட்டு அவர் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். “நாளைக்குக் கூட்டம் கோயில் மைதானத்துலங்க” என்று முதல்முறையாக அவரிடம் பொய் சொன்னாள்.