அரைக் குழல் பிட்டு

வவுனியா ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம் என்று சொன்ன நாளிலிருந்து நெடுங்கேணி வீரகத்திக்குக் காலையும் இரவும் ஒரு குழல் குரக்கன் பிட்டுத்தான். இனிப்புப் பண்டமெல்லாம் அவர் மனைவி பத்மாசனியின் அலுமாரிக்குள் போயின. இரவில் எழும்பி அவர் களவாக எதையாவது தின்றாலும் அவள் ஒரு வார்த்தை ஏசமாட்டாள். விடிந்ததும் அரைக் குழல் பிட்டை மட்டும் வைப்பாள். ஏச்சு வாங்கியிருந்தாலும் மனுசனுக்கு அவ்வளவு வெட்கம் வந்திராது.

பத்மாசனி செத்த எட்டாம் நாள் பொழுதுபட, அவளுக்குப் பிடித்த இனிப்புகளான அரியதரமும் பயத்தம் பணியாரமும் வாழையிலையில் படைத்து, அவள் வந்து உண்ணட்டுமென்று அறைக்கதவைச் சாத்தினார்கள். வீட்டுச் சனம் உறங்கியதும் வீரகத்தி பாயைவிட்டு எழுந்தார். ஒன்றே ஒன்று என்றுதான் கதவைத் திறந்தார். இலை வெறுமையான பிறகுதான் கை நின்றது. செத்தவளின் இலையில் கை வைத்துவிட்டோமே என்று விடியும்வரை போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தார்.

காலையில் மைத்துனி விமலேஸ்வரி கதவைத் திறந்தாள்.

"அத்தான், அக்கா வந்து சாப்பிட்டிட்டா!" என்று அழுதாள்.

"ஓம் பிள்ளை," என்றார் வீரகத்தி, நிலத்தைப் பார்த்தபடி. வாய் இன்னும் இனித்தது.

"இதென்ன? இதை ஆர் வைச்சது? நான் இன்னும் அடுப்பே மூட்டேல்லையே..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இலையின் நடுவில் குரக்கன் பிட்டு ஆவி பறக்கக் கிடந்தது.

அரைக் குழல்தான் இருந்தது.