ஐந்து ஏக்கர் குளம்

குளத்தின் நட்டநடுவில் உட்கார்ந்து செண்பகம் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் ஜீப்பை நிறுத்தி இறங்கிய சாந்தகுமாருக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, யாரக் கேட்டு இந்தக் குளத்தத் தூர்த்த?"

செண்பகம் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். "எந்தக் குளம் சார்?"

"நீ நிக்கிற குளந்தான்."

அவள் தன் காலடியைப் பார்த்தாள். செம்மண்ணும் கடலைச் செடியும்தான் இருந்தன. "இன்னா சார் சொல்றீங்க? இது மல்லாட்டை போட்ட நெலம். மழ பெஞ்சாலே தண்ணி நிக்காது, மேடு."

மேடாம். சாந்தகுமாருக்குச் சிரிப்பு வந்தது. மேடு எது பள்ளம் எது என்று இவள் அவருக்குச் சொல்லித் தருகிறாள்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற தோல் ஷாப்புகளின் கழிவுநீரைத் தேக்க ஓர் இடம் வேண்டும். அதற்காக எண்பத்தெட்டாம் வருஷம் வேலூரில் ஒரு திட்ட அலுவலகம் திறந்தார்கள். அதற்கு ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ஓர் ஏ.சி. அறை, அறைக்கு அதிகாரியாகச் சாந்தகுமார். செருப்போடு யாரும் நுழையக் கூடாத அந்த அறைக்குள் டீ கிளாஸோடு போகிற உரிமை அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

பழைய நில வரைபடங்களை அங்கே மேஜையில் விரித்து, கோடு கோடாக ஒரு கருவியை ஓட்டுவார்கள். ஊரின் மேடு பள்ளம் எல்லாம் மிஷினுக்குள் ஏறிவிடும். 'தோல் ஷாப்புக்குப் பக்கம், பள்ளமான இடம், வீடு இருக்கக் கூடாது' என்று கேட்டால் மிஷினே இடத்தைப் பொறுக்கி, அதுவே பேனா பிடித்துப் படமும் வரைந்து தரும். நிலத்துக்கு நேரில் போய் அளக்கிறவர்களைச் சாந்தகுமார் மனிதர்களாகவே மதிப்பதில்லை. வெயிலில் சங்கிலி இழுக்கிற ஜென்மங்கள் என்பார்.

கோடு ஓட்டுகிறவள் தேவகிருபை, பாகாயத்திலிருந்து வருகிற தற்காலிக ஊழியை. இந்த ஊரின் பழைய வரைபடத்தில் ஓர் இடத்தில் மட்டும் அவள் கை நின்றது.

"சார், இந்தப் பழுப்பு வட்டத்துக்கு உயரம் போடல. சரியா நாலு சென்டிமீட்டர், காம்பஸ் வெச்சு போட்ட மாதிரி இருக்குது. ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துடலாமா?"

"பழுப்புக் கோடுன்னா மேடு பள்ளக் கோடு. இதுகூடத் தெரியாம எதுக்கு வேலைக்கு வர்ற? உயரம் போடலன்னா பள்ளம், பள்ளம்னா பழைய குளம். நீ ஓட்டு. யோசிக்கிறத மிஷின் பாத்துக்கும்."

மிஷினும் யோசித்தது. நாற்பது ஊர்களில் இந்த ஒரே இடத்தைப் பொறுக்கி, நீல மையில் வட்டம் போட்டுக் கொடுத்தது.

அந்தப் படத்தை இப்போது சாந்தகுமார், செண்பகத்தை ரோட்டுக்கு வரச் சொல்லி, ஜீப்பின் பானெட்டில் விரித்தார். கூட வந்த தேவகிருபை காற்றில் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பாரு. அஞ்சு ஏக்கர் குளம். மொத்தத்தையும் முழுங்கிட்டு மேடுன்ற."

"பட்டா இருக்குது சார். எங்க மாமனார் காலத்துலேர்ந்து பயிர் வெக்கிறோம்."

"காசு குடுத்தா எவன் வேணா பட்டா குடுப்பான். மிஷின் காசு வாங்காது. அடுத்த மாசம் தோல் ஷாப்புத் தண்ணி இங்கதான் வந்து நிக்கும்."

செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்தத் தண்ணி பட்டா புல்லுகூட மொளைக்காது சார். எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"குளத்தத் திருடறப்ப யோசிச்சிருக்கணும். உனக்கு மேப் பாக்கத் தெரியுமா?"

"தெரியாது சார். வட்டம் தெரியுது."

"அது போதும்."

பிடுங்க வந்தவர்களானாலும், நிலத்துக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. ரோட்டோரக் கடைக்குப் போய் இரண்டு கிளாஸ் டீ வாங்கிவந்தாள். கொடுத்தவளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட சாந்தகுமார், இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தளும்பிய கிளாஸைப் படத்தின் மேலேயே வைத்தார். பேனாவைத் திறந்து அறிக்கை எழுத ஆரம்பித்தார்: 'நேரில் பார்வையிடப்பட்டது. நீர்நிலை ஆக்கிரமிப்பு. உடனே காலி செய்யலாம்.'

கையெழுத்துப் போடுமுன் மிச்ச டீயைக் குடிக்கக் கிளாஸை எடுத்தார்.

நீல வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் ஈரமாகக் கிடந்தது. பழுப்பு வட்டம். தேவகிருபை பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தாள். நாலு சென்டிமீட்டர். ஸ்கேலை அப்படியே விட்டுவிட்டு, அவர் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள்.

சாந்தகுமாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மூடியைக் காணாமல் தேடுகிறவர் மாதிரி சட்டைப் பையைத் தடவினார்.

செண்பகம் குனிந்து இரண்டு வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வரப்புக்கு அந்தப் பக்கம், தன் மச்சாண்டார் சோளம் போட்டிருந்த நிலத்தை நிதானமாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஈர வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தக் குளத்த யாரு சார் தூர்த்தது?"