கடகட பேரிங்

"புது பேரிங்கைக் கழட்டிட்டு, பழசையே மாட்டிக் குடுங்கண்ணா," என்றான் ஸ்ரீதர். அவன் கண்கள் சிவந்திருந்தன.

மெக்கானிக் நேசகுமார் திகைத்தார். கார் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த பேரிங்கை முந்தாநாள்தான் மாற்றியிருந்தார்.

"ஏம்பா, இன்னும் சத்தம் வருதா?"

"சுத்தமா வரலைண்ணா. ரெண்டு நாளா வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல."

"பழசை மாட்டினா திருத்தணி மலை ஏறுறதுக்குள்ள இன்ஜின் ஜாம் ஆயிடும்."

"ஆவட்டும்ணா."

காரின் பின் சீட்டில் ஸ்ரீதரின் மனைவி மோனிஷாவின் மடியில் கிடந்த குழந்தை வீறிட்டது.

"பொதட்டூர்பேட்டைல தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்தவன். இங்க குடி வந்ததுல இருந்து, இந்த வண்டி கடகடன்னாதான் தூங்குறான்," என்றான் ஸ்ரீதர்.

நேசகுமார் யோசித்தார். அதே கோளாறோடு பக்கத்தில் நின்ற வேனை ஸ்டார்ட் செய்தார். கடகட, கடகட.

குழந்தை கண்ணை மூடியது. மோனிஷாவும் சாய்ந்தாள். காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த ஸ்ரீதர் குறட்டை விட்டான்.

சற்று நேரத்தில் வேனின் சொந்தக்காரர் கஜபதி வந்து பதறினார்.

"என்னாய்யா பண்ணிகினு இருக்க? ஆஃப் பண்ணு, இன்ஜின் ஜாம் ஆயிடப் போவுது."

நேசகுமார் உதட்டில் விரலை வைத்தார்.

"ஆவட்டும்ங்க. மெதுவாப் பேசுங்க."