கழுவிய தண்ணீர்

"இந்தக் காலத்துல எதைப் பார்த்தாலும் கழுவு, கழுவு! கழுவிக் கழுவியே உள்ளே இருந்ததைத் தொலைச்சிட்டு, அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னு கையை விரிக்கிறது!"

ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டு பெரியவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மாட்டிவிட்ட மகளுக்கு அங்கேதான் வேலை. யார் ரத்தத்தில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்பவள்.

"மெதுவாப்பா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டுமே. திருடவா வந்தேன்?"

மேசைமேல் அந்தத் தேன் பாட்டில். அடியில் ஒரு விரற்கடை மிச்சம். மனைவி செய்துவைத்துவிட்டுப் போன கடைசி மருந்துத் தேன்.

தினமும் காலையில் கரண்டியோடு வந்து நிற்பாள். "வாயைத் திறங்க." கசக்குது என்று முகம் சுளித்தாலும் விழுங்கும்வரை நகர மாட்டாள். மருந்து இடிக்கும் நாளில் மட்டும் அவரைச் சமையலறைப் பக்கமே விடமாட்டாள். "நீங்க நின்னா பக்குவம் கெட்டுடும். போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துங்க." வெளியே நிற்பவருக்கு உலக்கைச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் நின்ற பிறகு வீடே ஊமையாகிவிட்டது.

தேன் தீர்ந்துவிடுமே என்று இப்போது அரைக் கரண்டிதான். தலை சுற்றுகிறது. தேனில் மருந்து இருந்தால் மகள் அதையே செய்து தரவேண்டும். இல்லையென்றால் அவர் டாக்டரிடம் வரவேண்டும். இதுதான் பேச்சு.

"சொன்னேனேப்பா, இஞ்சி, மிளகு, தேன். வேற ஒண்ணுமில்லை. நாளைக்கு டாக்டர்கிட்ட கிளம்புங்க."

"அவன்கிட்டயா? மாத்திரை இல்லாம என் நாள் ஓடாதுன்னான். அவன் மேசையிலேயே வெச்சிட்டு எழுந்து வந்தேன். கூட வந்த உங்கம்மாதான் சாட்சி. நாள் ஓடலையா? சரி, கழுவிப் பார்த்தேன்னியே, எப்படின்னு சொல்லு."

அவள் ஒரு சின்னக் குழாயை எடுத்துக் காட்டினாள். "தேனைக் கரைச்சு இதுல ஊத்தினா, மருந்து உள்ளே இருக்கிற பொடியில ஒட்டிக்கும். கூடவே வேண்டாததும் ஒட்டும். அதைக் கழுவி விட்டுட்டு, கடைசியில மருந்தை மட்டும் இறக்குவோம்."

"எதால கழுவினே?"

"தண்ணியில மெத்தனால் கலந்து. பிசுபிசுன்னு இருந்ததேன்னு கொஞ்சம் தூக்கலா..."

"தூக்கலா! உங்கம்மா துவைச்சா அழுக்கு போகும். நீ துவைச்சா சாயமே போகும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அந்தக் கழுவின தண்ணி எங்கே?"

சிரிக்கப்போன மகள் சட்டென்று நிறுத்தினாள். கழுவியதைக் கொட்டாமல் பிடித்துத்தான் வைத்திருந்தாள், சோதித்துப் பார்க்கவில்லை. எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். திரையில் ஏதோ தலைகாட்டியது.

"அப்பா... இதுல என்னவோ போயிருக்கு!"

"நான் சொல்லல?"

புதுக் குழாய்களைப் பிரித்தாள். மெத்தனாலை நன்றாகக் குறைத்தாள். அழுக்கு போகாமல் திரை முழுக்கக் கிறுக்கலாக வந்தது. கொஞ்சம் கூட்டினாள். பிறகு இன்னும் ஒரு துளி. பெரியவர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் சுத்தமான திரையில் ஒரே ஒரு கூரான கோடு எழுந்து நின்றது.

"பிடிச்சிட்டியா? என்ன மூலிகை? சொல்லு, நானே போய்ப் பறிச்சிட்டு வரேன்."

மகள் அதைத் தன்னிடமிருந்த மருந்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஓரிடத்தில் கை நின்றது. கண் கலங்கியது.

"மூலிகை இல்லைப்பா. பிரஷர் மாத்திரை. டாக்டர் மேசையில நீங்க வெச்சிட்டு வந்தீங்களே, அதே மாத்திரை."

பெரியவர் திரையைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். அதை எடுத்து மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"குழாயை ஒழுங்காக் கழுவும்மா நீ! எவன் மாத்திரையோ ஒட்டிக்கிட்டிருக்கு."